பற்றரி தீர்வதும் பிழைதான்

திருகோணமலையின் திருக்கடலூரில் எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி ஒரு அண்ணா இருக்கிறார். இரவு வலைக்குப் போகும்போது போனை இரண்டு பொலித்தீன் பைக்குள் போட்டு, வாயை இறப்பர் பட்டியால் கட்டித்தான் எடுத்துப்போவார். அவருடைய வள்ளத்தில் வேறு ஜிபிஎஸ் இல்லை. வலை விட்ட இடத்தைப் போனில் குறித்துக்கொண்டு, விடியப்புறம் அந்தப் புள்ளியைப் பார்த்துப் போய் வலையை இழுப்பார். போன வருடம் மாசியில் ஒரு நாள், எண்பது வீதம் சார்ஜோடு கடலுக்குப் போன போன் இரவு இரண்டு மணிக்குக் கறுத்துவிட்டது. நிலவில்லாத இரவு. மூட்டமும் சேர்ந்ததால் ஊர் வெளிச்சமும் தெரியவில்லை. எஞ்சினை நிறுத்திவிட்டு, கிழக்கு வெளுத்துக் கோணேசர் மலை கண்ணில் படும்வரை அலையோடு அலையாகக் கிடந்திருக்கிறார். வலை இரண்டு நாள் கழித்துத்தான் கிடைத்தது, பாதி கிழிந்து.

"தம்பி, பற்றரி பழசாப் போச்சு போல. ஒருக்கா பார்த்துச் சொல்லு" என்று போனைக் கொண்டுவந்து தந்தார். மென்பொருள் சோதனைதான் என் தொழில் என்பது அவருக்குத் தெரியும்.

பற்றரியில் ஒரு குறையும் இல்லை. போனை மடிக்கணினியில் மாட்டி, ஆண்ட்ராய்டு தானாகவே எழுதிவைக்கும் பற்றரிக் குறிப்பை எடுத்துப் பார்த்தேன். கடல் வரைபடம் காட்டும் ஒரு இலவச ஆப், திரை அணைந்த பிறகும் போனை உறங்கவிடாமல் 6 மணி 10 நிமிடம் பிடித்துவைத்திருந்தது. தான் இருக்கும் இடத்தை எங்கோ உள்ள சேர்வருக்கு அனுப்பப் பார்த்திருக்கிறது. டவர் எட்டாத இடம். அனுப்ப முடியவில்லை. ஐந்து விநாடி பொறுத்து மறுபடி. அதுவும் இல்லை. மறுபடி. சிக்னல் மெலியும்போது டவரை எட்டுவதற்காகப் போனின் ரேடியோ தன் வலுவைக் கூட்டிக்கொள்ளும். டவரே இல்லாவிட்டால் தேடிக்கொண்டே இருக்கும். ஆகவே கரையை விட்டு விலக விலகப் பற்றரி இறங்கும் வேகமும் கூடும்.

அந்த ஆப்பை எழுதியவர்கள் கவனமில்லாதவர்கள் என்று நான் நினைக்கவில்லை. வரைபடம் தெளிவாக வருகிறது, புள்ளி சரியாக விழுகிறது. தங்களிடம் கேட்கப்பட்ட சோதனைகளிலெல்லாம் அது தேறித்தான் வந்திருக்கும். யாரும் கேட்காத கேள்வி ஒன்றே ஒன்று: டவர் இல்லாத இரவொன்றில் இந்த ஆப் எத்தனை மணி நேரம் தாங்கும்? மென்பொருள் ஆராய்ச்சியில் சக்திச் சிக்கனம் ஒரு பக்கம், பாதுகாப்புச் சோதனை இன்னொரு பக்கம். இரண்டுக்கும் தனித்தனி மாநாடுகள், தனித்தனி அளவுகோல்கள். வள்ளத்தில் இருக்கிறவருக்கு இந்தப் பாகப்பிரிவினை கிடையாது. சக்தி குறைகிற நேரமும் ஆபத்து வருகிற நேரமும் அவருக்கு ஒன்றாகவே வருகின்றன. இரண்டையும் ஒரே சோதனையில் வைத்துப் பார்க்காமல் எந்த மென்பொருளையும் பாதுகாப்பானது என்று சொல்லக்கூடாது என்பது என் கருத்து.

முதலில் சோதனைக் கூடத்தை எடுத்துக்கொள்வோம். அங்கே போன்கள் வரிசையாக அடுக்கியிருக்கும், ஒவ்வொன்றிலும் ஒரு யூஎஸ்பி வயர். சோதனைக் கட்டளைகள் போவது அந்த வயரில்தான். சார்ஜ் ஏறுவதும் அதே வயரில்தான். 2015இல் வந்த ஆண்ட்ராய்டு 6, டோஸ் என்ற உறக்க முறையைக் கொண்டுவந்தது. சார்ஜரில் இல்லாத போன், திரை அணைந்து அசையாமல் கிடந்தால், ஆப்களின் வேலைகளையும் இணையத் தொடர்பையும் தள்ளிப்போட்டு இடைக்கிடை மட்டும் ஜன்னல் திறந்துவிடும். அடுத்த வருடம் ஆண்ட்ராய்டு 7 அதைச் சட்டைப் பையில் அசைந்துகொண்டிருக்கும் போனுக்கும் ஓரளவு நீட்டியது. நல்ல ஏற்பாடு. ஆனால் சார்ஜரில் இருக்கும் போனுக்கு டோஸ் வராது. ஆகவே வயரில் தொங்கும் சோதனைப் போன் ஒருநாளும் உறங்குவதில்லை.

இதனால் இரண்டு பிழைகள் ஒரே நேரத்தில் ஒளிந்துகொள்கின்றன. பற்றரியைக் குடிக்கும் ஆப் பிடிபடாது, ஏனென்றால் பற்றரி குறைவதே இல்லை. உறக்கத்தால் தாமதமாகும் எச்சரிக்கையும் பிடிபடாது, ஏனென்றால் உறக்கமே இல்லை. உயர் முன்னுரிமையோடு வரும் செய்தி டோஸைத் தாண்டி எழுப்பும் என்பது உண்மை. ஆனால் அப்படி அனுப்ப வேண்டும் என்று ஆப்பை எழுதுகிறவர் முன்கூட்டியே நினைத்திருக்க வேண்டுமே. 2004 மார்கழி 26 சுனாமியைக் கண்ட ஊர் எங்களுடையது. 2012 ஏப்ரல் 11இல் சுமாத்திரா பக்கம் 8.6 அளவில் நிலம் அதிர்ந்தபோதும் கரையோர மக்கள் எல்லாவற்றையும் போட்டுவிட்டு மேட்டுக்கு ஓடினார்கள். எச்சரிக்கை ஆப் ஒன்று அரை மணி நேரம் உறங்கிவிட்டு எழும்பலாமா இல்லையா என்பது இங்கே வீட்டுப் பேச்சு. இத்தனைக்கும் வயரில் இருக்கும் போனையே, வயரைக் கழற்றியதுபோல் நடந்துகொள்ளச் சொல்லவும், உடனே உறக்கத்துக்குப் போகச் சொல்லவும் ஆண்ட்ராய்டில் கட்டளைகள் இருக்கின்றன. இரண்டு வரிதான். சோதனைத் தொகுப்பின் தலையில் அவற்றைச் சேர்ப்பதற்குச் செலவு ஏதும் இல்லை.

சக்தியைப் பற்றி நிரலாளர்கள் இவ்வளவு காலம் கவலைப்படாமல் இருந்ததற்குக் காரணம் இருக்கிறது. 1974இல் ரொபேர்ட் டெனார்டும் அவருடன் வேலை செய்தவர்களும் காட்டிய விதிப்படி, டிரான்சிஸ்டர் சிறுக்கச் சிறுக்க அதன் மின்னழுத்தமும் குறைந்துகொண்டே வந்தது. அதே சக்தியில் கூடுதல் வேலை நடந்தது. நிரல் எப்படி எழுதினாலும் அடுத்த சிப் வந்து சரிக்கட்டிவிடும். 2000களின் நடுப்பகுதியில் அந்த வரம் நின்றுபோனது. கொஞ்சக் காலத்தில் ஸ்மார்ட்போன் வந்து எல்லார் கையிலும் ஒரு சிறிய பற்றரியைக் கொடுத்தது. அதற்குப் பிறகுதான் "இந்தச் சக்தியை எந்த வரி தின்கிறது" என்ற கேள்வி ஆராய்ச்சியானது.

பேர்டியூ பல்கலைக்கழகத்தில் அபினவ் பதக்கும் சார்லி ஹுவும், மைக்ரோசொஃப்ட் ரிசர்ச்சின் மிங் ஜாங்கோடு சேர்ந்து 2012இல் வெளியிட்ட வேலை இதில் ஒரு திருப்பம். ஆப்பின் எந்தப் பகுதி எவ்வளவு சக்தியை எடுக்கிறது என்று பிரித்துக் காட்டும் கருவி ஒன்றை அவர்கள் செய்தார்கள். அளந்த இலவச ஆப்களில் சக்தியின் 65 முதல் 75 வீதம் வரை விளம்பரம் முதலிய வெளியார் துண்டுகளுக்கே போனது. போனை உறங்கவிடாமல் பிடித்துவைக்கும் பிழைகளைத் தனி இனமாக வகுத்ததும் இவர்கள்தான். அண்ணாவின் போனில் நான் பார்த்தது அந்த இனம். ரேடியோவுக்கு வால் உண்டு என்பதும் அந்த வருடங்களில்தான் தெளிவாக அளக்கப்பட்டது. மூன்றாம் தலைமுறை வலையமைப்பில் ஒரு சிறு செய்தியை அனுப்பி முடித்த பிறகும் ரேடியோ பல விநாடிகள் முழு வலுவிலேயே விழித்திருக்கும். பத்துச் செய்தியைப் பத்துத் தடவையாக அனுப்பினால் பத்து வால். சேர்த்து ஒரே தடவையில் அனுப்பினால் ஒன்றே ஒன்று.

சிப்புக்குள்ளும் இதே கதைதான். ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் மார்க் ஹொரோவிட்ஸ் 2014இல் தந்த கணக்கில், 45 நானோமீட்டர் சிப்பில் இரண்டு 32 பிட் முழு எண்களைக் கூட்ட 0.1 பிக்கோஜூல் (சக்தியின் மிகச் சிறிய அலகு) போதும். வெளியே உள்ள டிராம் நினைவகத்துக்குப் போய் ஒரு தரவை எடுத்துவர 1300 முதல் 2600 பிக்கோஜூல். ஒரு பிடி அரிசிக்காகக் கந்தளாய்க்கு லொறி அனுப்புவது போன்றது அது. சமைப்பதற்கு அல்ல, போய்வருவதற்கே செலவு. எந்த மொழியில் எழுதினால் சிக்கனம் என்று 2017இல் போர்த்துகல் ஆராய்ச்சியாளர்கள் 27 மொழிகளை ஒப்பிட்டுப் போட்ட அட்டவணை மிகவும் புகழ்பெற்றது. சி மொழிக்கு 1 என்றால் பைத்தனுக்கு 75.88. அதை வைத்துப் பைத்தனைத் திட்டுகிறவர்கள் நிறையப் பேர். 2024இல் எமரி பெர்கரின் குழு அதே விஷயத்தை மறுபடி ஆராய்ந்து, வித்தியாசத்தின் பெரும்பகுதி ஓடும் நேரத்தாலும், சிப்பின் எத்தனை கோர் (கணக்கிடும் பகுதி) வேலைசெய்தது, நினைவகம் எவ்வளவு புழங்கியது என்பதாலும் வருவதே தவிர மொழிக்கென்று தனிச் சாபம் இல்லை என்று காட்டியது. என் அனுபவமும் அதுதான். அண்ணாவின் போனைக் கொன்ற வரியை சி மொழியில் எழுதியிருந்தாலும் அது கொன்றிருக்கும்.

பெரிய அளவில் பார்த்தால், தரவு மையங்கள் 2024இல் ஏறத்தாழ 415 டெராவாட் மணி மின்சாரம் எடுத்தன என்று சர்வதேச சக்தி முகமை கணக்கிட்டது. உலக மின்சாரத்தில் அது 1.5 வீதம் அளவு. ஆகவே சிக்கனம் வேண்டும் என்பதில் எனக்கு ஐயமே இல்லை. எதைக் குறைத்துச் சிக்கனம் பண்ணுகிறோம் என்பதில்தான் என் கவலை.

சிக்கனம் இரண்டு வகை. தேவையில்லாத வேலையை நிறுத்துவது ஒன்று. தேவையான சரிபார்ப்பை நிறுத்துவது மற்றொன்று. அளவுகருவியில் இரண்டும் ஒரேபோல்தான் தெரியும். இரண்டிலும் முள் கீழே இறங்கும். இந்த இரண்டையும் ஒரே இடத்தில் காட்டும் நிகழ்ச்சி 1996 ஜூன் 4இல் பிரெஞ்சு கயானாவின் கூருவில் நடந்தது. ஏரியன் 5 ரொக்கெட்டின் முதல் பயணம். எஞ்சின் பற்றி 37 விநாடி அளவில் வழிகாட்டல் தவறி, ரொக்கெட் வானத்திலேயே உடைந்து சிதறியது. கூடவே நான்கு ஆய்வுச் செயற்கைக்கோள்களும் போயின.

காரணம் ஒரு எண். கிடைத்திசை வேகத்தோடு தொடர்புள்ள ஒரு 64 பிட் தசம எண்ணை 16 பிட் முழு எண்ணாக மாற்றும் வரி அது. 16 பிட்டில் 32,767க்கு மேல் இடமில்லை. ஏரியன் 4க்கு எழுதிய நிரலை அப்படியே ஏரியன் 5க்குத் தூக்கி வைத்திருந்தார்கள். பழைய ரொக்கெட்டின் பாதையில் அந்த எண் ஒருநாளும் அவ்வளவு பெரிதாகாது. புதியது கிடைத்திசையில் மிக வேகமாகப் போனது. எண் தாண்டியது, கணினி தன்னைத்தானே நிறுத்திக்கொண்டது. பதிலுக்கு வைத்திருந்த இரண்டாவது கணினியில் ஓடியதும் அதே நிரல். அது கண்ணிமைக்கும் நேரம் முன்னதாகவே அதே காரணத்தால் நின்றுபோயிருந்தது.

விசாரணைக் குழுவின் அறிக்கையில் நான் பலமுறை திரும்பிப் படித்த இடம் இதற்கு அடுத்தது. இப்படித் தாண்டக்கூடிய மாறிகள் ஏழு என்று நிரலாளர்கள் முன்னமே கண்டுபிடித்திருந்தார்கள். நான்குக்குக் காப்பு எழுதினார்கள். மூன்றை விட்டுவிட்டார்கள். கணினியின் வேலைப்பளு 80 வீதத்தைத் தாண்டக்கூடாது என்று ஒரு வரம்பு இருந்தது. ஒவ்வொரு காப்பும் கொஞ்சம் நேரம் தின்னும். இந்த மூன்றும் எல்லையைத் தொடவே மாட்டா என்று ஏரியன் 4இன் கணக்கு சொன்னது. அறியாமல் நடந்த பிழை இல்லை அது. உட்கார்ந்து யோசித்து எடுத்த சிக்கன முடிவு.

அதே அறிக்கையில் இன்னொரு செய்தியும் இருக்கிறது. அந்த எண்ணைக் கணக்கிட்ட பகுதியே ரொக்கெட் தரையில் நிற்கும்போது வழிகாட்டும் கருவியை நேர்ப்படுத்துவதற்கானது. ஏரியன் 5 கிளம்பிய பிறகு அதற்கு ஒரு வேலையும் இல்லை. பழைய ரொக்கெட்டின் தேவை ஒன்றுக்காக, கிளம்பிய பிறகும் ஏறக்குறைய 40 விநாடி அது ஓட விடப்பட்டிருந்தது. தேவையில்லாத வேலையை ஓடவிட்டு, தேவையான காப்பை எடுத்திருக்கிறார்கள். நேர்ப்படுத்தும் பகுதியைக் கிளம்பும் கணத்தில் நிறுத்தியிருந்தால் வேலைப்பளுவும் குறைந்திருக்கும், எண்ணும் தாண்டியிருக்காது. சரியான சிக்கனம் ரொக்கெட்டைக் காப்பாற்றியிருக்கும். ஏரியன் 5இன் உண்மையான பாதைத் தரவைக் கொடுத்து அந்தக் கருவியை ஒருமுறை தரையில் ஓட்டிப் பார்த்திருந்தாலும் பிடிபட்டிருக்கும். அந்தச் சோதனை நடக்கவில்லை.

இது ரொக்கெட் சமாச்சாரம், நமக்கென்ன என்று தோன்றலாம். 2022இல் பங்குனி முடிவில் நாளுக்குப் பதின்மூன்று மணி நேரம்வரை மின்சாரம் போனது எல்லாருக்கும் நினைவிருக்கும். நகரத்தில் நான் வழக்கமாக மருந்து வாங்கும் ஒரு சிறு பார்மசியில், கரண்ட் போய் வரும்போதெல்லாம் கடைசியாகப் போட்ட நாலைந்து பில் காணாமல் போகும். ஒரு நாள் தரவுக் கோப்பே திறக்கவில்லை. முதலாளி என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். உள்ளே இருந்தது எஸ்கியூலைட். நம் எல்லார் போனுக்குள்ளும் இருக்கும் தரவுத்தளம் அது. உலகத்தில் மிகவும் சோதிக்கப்பட்ட மென்பொருள்களில் ஒன்று. அதன் நிரலைப் போல 590 மடங்கு சோதனை நிரல் அதற்கு உண்டு. எழுதிக்கொண்டிருக்கும்போதே மின்சாரம் போனால் என்னாகும் என்பதை, போலிக் கோப்பு முறைமை ஒன்றை வைத்து மறுபடி மறுபடி உடைத்து உடைத்துப் பார்த்துத்தான் வெளியிடுகிறார்கள். அப்படிப்பட்டது எப்படிக் கெட்டது? பில்லிங் மென்பொருளை எழுதியவர் வேகத்துக்காக, தரவு உண்மையாகவே டிஸ்க்கில் எழுதப்பட்டதா என்று காத்திருந்து பார்க்கும் அமைப்பை ஒரே வரியில் அணைத்திருந்தார். கரண்ட் போகாத ஊரில் அது ஒரு நாளும் வெளியே தெரிந்திருக்காது. அந்த வரியைத் திருத்தினேன். பில் போட அரை விநாடி கூடுதலாகிறது என்று கல்லாவில் இருந்த தங்கச்சி முதல் நாள் சொன்னார், பிறகு சொல்லவில்லை.

தெராக்-25 என்ற கதிர்வீச்சுச் சிகிச்சை இயந்திரம் 1985க்கும் 1987க்கும் இடையில் ஆறு பேருக்கு அளவுக்கு மீறிய கதிரைப் பாய்ச்சியதும் இந்த வரிசையில்தான் வரும். முந்தைய இயந்திரத்தில் இருந்த வன்பொருள் பூட்டுகளை எடுத்துவிட்டு மென்பொருளை மட்டும் நம்பினார்கள். அதே நிரல் பிழை முந்தையதிலும் இருந்தது. பூட்டு தடுத்ததால் யாருக்கும் தெரியவில்லை. சும்மா இருப்பதுபோல் தோன்றும் காப்பைக் கழற்றுமுன் அது எத்தனை முறை வேலை செய்திருக்கிறது என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

சோதனைக்கு வருவோம். 1988இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகப் பேராசிரியர் பார்ட்டன் மில்லர், இடிமழை இரவொன்றில் வீட்டிலிருந்து தொலைபேசி வழியாகக் கணினியில் வேலைசெய்துகொண்டிருந்தார். மழையால் கம்பியில் இரைச்சல் ஏறி, தட்டாத எழுத்தெல்லாம் போய் விழ, யுனிக்ஸ் என்ற இயங்குதளத்தின் சாதாரணக் கட்டளைகள்கூடச் சுருண்டு விழுந்தன. அவர் மாணவர்களிடம் அதையே வேலையாகக் கொடுத்தார்: கண்டபடி எழுத்துகளைக் கொட்டிப் பாருங்கள், எது விழுகிறது என்று. நூற்றுக்கு 25 முதல் 33 வரையான நிரல்கள் விழுந்தன. ஃபஸ் சோதனை என்று இன்று உலகமே செய்வது அன்றைய மழையில் முளைத்தது. கெட்ட வானிலையைக் கூடத்துக்குள் கொண்டுவருவதுதான் அதன் உயிர். சக்தியைப் பொறுத்தவரை அந்த வேலை இன்னும் பாதிகூட நடக்கவில்லை என்பது என் எண்ணம். கண்டபடி எழுத்தைக் கொட்டுகிறோம். கண்டபடி மின்னழுத்தத்தைக் குறைத்துப் பார்ப்பது எத்தனை பேர்?

நேரமும் அப்படித்தான். 1991 பெப்ரவரி 25இல் சவூதியின் தஹ்ரானில் பேட்ரியட் ஏவுகணைக் காப்பு, வந்த ஏவுகணையைத் தவறவிட்டு 28 அமெரிக்கப் படையினர் இறந்தனர். பத்தில் ஒரு விநாடியை இரும எண்ணில் முழுமையாக எழுத முடியாது. 24 பிட்டில் வெட்டியதால் வந்த துளிப் பிழை, 100 மணி நேரம் நிறுத்தாமல் ஓடியபோது 0.34 விநாடியாகச் சேர்ந்திருந்தது. போயிங் 787இல் மின்பிறப்பாக்கிகளைக் கட்டுப்படுத்தும் மென்பொருள் 248 நாள் தொடர்ந்து மின்சாரத்தில் இருந்தால் எண்ணி நிரம்பி நின்றுவிடும் என்று 2015இல் தெரியவந்தது. அரை மணி நேரச் சோதனையில் இவை எதுவும் வெளியே வரா.

ஆனால் நீளமாகவும் அகலமாகவும் சோதித்தால் சோதனையே மின்சாரத்தைத் தின்னும். தானியங்கிக் கார் மனிதரைவிட மோசமில்லை என்று சாலையில் ஓட்டியே நிரூபிக்க, ஒரு மரணமும் இல்லாமல் 275 மில்லியன் மைல் ஓட வேண்டும் என்று 2016இல் ராண்ட் நிறுவனத்தின் ஆய்வு கணக்குப் போட்டது; 100 கார் இரவு பகலாக ஓடினாலும் பன்னிரண்டரை வருடம். அதனால்தான் கணினிக்குள் பாவனைச் சாலையில் ஓட்டுகிறார்கள், அதற்கும் சேர்வர் வேண்டும். எந்த மாற்றத்துக்கு எந்தச் சோதனை போதும் என்று தேர்ந்தெடுக்கும் ஆராய்ச்சி இதற்காகத்தான். ஃபேஸ்புக்கில் இயந்திரக் கற்றலை வைத்து அப்படித் தேர்ந்து, பிழையான மாற்றங்களில் 99.9 வீதத்துக்கு மேல் பிடித்துக்கொண்டே சோதனைச் செலவைப் பாதியாக்கினார்கள். ஒரு இணையத்தளத்துக்கு அது போதும். மீதி 0.1 வீதம் ஒரு இதய பேஸ்மேக்கருக்குள் இருந்தால் போதாது. பேஸ்மேக்கரில் பற்றரியும் உயிரும் வேறு வேறு இல்லை: 2017இல் அமெரிக்காவில் 465,000 பேஸ்மேக்கர்களுக்கு மென்பொருள் திருத்தம் அறிவிக்கப்பட்டபோது சொல்லப்பட்ட அபாயங்களில் ஒன்று, வெளியார் யாரும் நெருங்கி வந்து பற்றரியை வேகமாகத் தீர்த்துவிடலாம் என்பது.

இனி எங்கள் மாவட்டத்துக்கே வருகிறேன். 1986 ஏப்ரல் 20இல் கந்தளாய்க் குளத்தின் கட்டு உடைந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்த நினைவில் வளர்ந்த வீடுகளிலிருந்து வந்த மூன்று பிள்ளைகள், கணினி படிக்கிறவர்கள், குளத்து நீர்மட்டத்தை அளந்து அனுப்பும் ஒரு சிறு கருவி செய்துகொண்டு போன ஐப்பசியில் என்னிடம் வந்தார்கள். மலிவான ஈஎஸ்பி32 சிப், மீயொலி உணரி, சிம் மோடெம், 2600 மில்லி ஆம்பியர் மணி பற்றரி, உள்ளங்கை அகலத்தில் ஒரு சோலார் பனல். உறங்கும்போது சிப் 10 மைக்ரோ ஆம்பியர்தான் எடுக்கும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எழும்பி, பத்து விநாடியில் அளந்து அனுப்பிவிட்டு உறங்கும். விழித்திருக்கையில் சராசரி 120 மில்லி ஆம்பியர். கணக்குப் போட்டால் பனலே இல்லாமல் 54 நாள் வரும். பெருமையாகச் சொன்னார்கள். பெருமைப்படத் தக்கதுதான்.

"நெட்வேர்க் இல்லாட்டி எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருக்கும்?" என்று கேட்டேன்.

"ஒரு நிமிசம், அண்ணா."

ஒரு நிமிடம் என்றால் பத்து விநாடி அறுபதாகிறது. 54 நாள் ஒன்பதாகிறது. உறங்கவே போகாமல் முயன்றுகொண்டிருந்தால் 22 மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். டவர் எப்போது விழும்? கார்த்திகை, மார்கழி அடைமழையில், கரண்ட் போய் டவரின் பற்றரியும் தீரும்போது. சோலார் பனலுக்கு வெயில் எப்போது இல்லை? அதே நாட்களில். குளம் எப்போது நிரம்பும்? அதே நாட்களில். மூன்றும் தற்செயலாக ஒன்றுகூடுவதில்லை. மூன்றையும் கொண்டுவருவது ஒரே வடகீழ்ப் பருவமழை. தனித்தனியே சோதித்து, தனித்தனியே தேறினாலும் அந்தக் கருவி குளக்கட்டில் தேறாது.

எங்கள் முற்றத்தில் ஒரு பெரிய நீல வாளியைக் குளமாக வைத்தோம். பனல்மேல் அரிசிச் சாக்கைப் போட்டு மூடினோம். சிம்மைக் கழற்றி இரண்டு நாள் விட்டோம். மூன்றாம் நாள் இரவு சிம்மைப் போட்டுவிட்டு, வாளிக்குள் குழாயைத் திறந்து மெல்ல நிரப்பினோம். கருவி உயிரோடுதான் இருந்தது. பத்து நிமிடத்துக்கு ஒரு செய்தி ஒழுங்காக வந்தது. 31 சென்ரிமீட்டர். 31. 31. தண்ணீர் வாளியின் விளிம்பைத் தொட்டு முற்றத்தில் வழிந்தது. 31.

நிரலைத் திறந்து பார்த்தோம். மோடெம் செய்தி அனுப்பும் கணத்தில் 2 ஆம்பியர் வரை இழுக்கும். அப்போது மெலிந்த பற்றரியின் அழுத்தம் சட்டென்று சரியும். அழுத்தம் சரிந்தால் சிப்பை நிறுத்தி மறுபடி தொடங்கவைக்கும் காப்பு ஈஎஸ்பி32க்குள்ளேயே உண்டு. அது அடிக்கடி மறுதொடக்கம் செய்து தொல்லை கொடுத்ததால், இணையத்தில் பலரும் செய்வதுபோல ஒரு வரியைப் பிரதிபண்ணி அதை அணைத்திருந்தார்கள். சிப் ஓடியது, அழுத்தம் போதாத உணரி மட்டும் பூச்சியம் பூச்சியமாகத் திருப்பியது. பூச்சியம் வந்தால் அதைத் தள்ளிவிட்டுக் கடைசியாகக் கிடைத்த நல்ல அளவை அனுப்பு என்று இன்னொரு வரி இருந்தது. ஒவ்வொரு வரிக்கும் நியாயம் உண்டு. சேர்ந்து நின்றபோது, நிரம்பி வழியும் குளத்தை அமைதியாக இருக்கிறது என்று சொன்னது.

காப்பைத் திரும்பப் போட்டார்கள். அளவு கிடைக்காவிட்டால் "அளவு இல்லை" என்றே அனுப்பும்படி மாற்றினார்கள். ஒவ்வொரு செய்தியோடும் பற்றரியின் அழுத்தமும் போகும். நெட்வேர்க் இல்லாவிட்டால் காத்திருக்கும் இடைவெளி ஒவ்வொரு தடவையும் இரட்டிக்கும். மட்டம் ஏறுகிறது என்று தெரிந்தால் மட்டும் மறுபடி சுருங்கும். அந்த ஏற்றத்தைக் கவனிப்பதற்காக, மோடெத்தை எழுப்பாமல் உணரியை மட்டும் எழுப்பி அளக்கிறார்கள். செலவு மிகச் சிறியது, கைவிடக்கூடாதது அதுதான். மூவரில் இளையவள் சாக்கை எடுத்து மறுபடி பனல்மேல் விரித்து, காற்றுக்குப் பறக்காமல் நான்கு மூலையிலும் கல் வைத்தாள். இந்த முறை ஐந்து நாள் கழற்றுவதில்லை என்று பேசிக்கொண்டோம்.